மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே சொல்

புரேபெச்சாக்காரனும் மெஷிகாக்காரனும் இப்போது தாஷிமாரோவா சந்தையில் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தன் செம்புக் கோடாலி கொடுக்கிறான், இன்னொருத்தன் உப்பும் பருத்தியும் கொடுக்கிறான். பேரம் படியாவிட்டால்கூடச் சிரித்துக்கொண்டேதான் திட்டிக்கொள்கிறார்கள். கடல் தாண்டி வந்த தாடிக்காரர்களைத் திரும்பக் கடலுக்கே துரத்தியடித்த கூட்டணி என்று பாட்டுக் கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் இரண்டு அரசர்கள் வருகிறார்கள், கழுகு வருகிறது, சூரியன்கூட வருகிறது. என் மகள் வரவில்லை. அதனால் அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் ஷோகோ. கடைக்குட்டி என்று அர்த்தம். மெஷிகாக்காரர்கள் கடைசிப் பெண்ணுக்கு அதிகம் யோசிக்காமல் வைக்கிற பெயர். எல்லைச் சண்டை ஒன்றில் பிடிபட்டு, புரேபெச்சாக்காரர்களின் இந்தத் தாஷிமாரோவாக் கோட்டைக்கு வந்தேன். பலி கொடுக்க ஆண்களே போதும் என்றிருந்ததால் என்னைச் சமையலுக்கு விட்டார்கள். வில் கட்டுகிற ஒருவன் என்னைக் கட்டிக்கொண்டான். நல்ல மனுஷன். ஒரு மகளைக் கொடுத்துவிட்டு, கொப்புள நோய் முதல்முறை வந்தபோதே போய்ச் சேர்ந்தான். மகளுக்கு இட்சி என்று அவன்தான் பெயர் வைத்தான், அவன் மொழியில் தண்ணீர். வெளியே அவள் அப்பன் மொழி பேசலாம், வீட்டுக்குள் என் மொழிதான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக வளர்த்தேன். அந்நிய ஊரில் எனக்கும் பேச ஓர் ஆள் வேண்டுமே.

இரண்டு மொழியும் தெரிந்ததால் கோட்டைக்கு நான்தான் மொழிபெயர்ப்பவள். இந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மொழிபெயர்ப்பவளுக்குச் சொந்த வாய் கிடையாது. பிரபு பேசினால் நான் பிரபு, கைதி பேசினால் நான் கைதி. 'நான் ஆணையிடுகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் ஆணையிடுகிறார்' என்று சொன்னால் முதுகில் அடி விழும். இப்படியே பழகிப்போய், வீட்டில் பசிக்கிறது என்று சொல்லும்போதுகூட யாருக்குப் பசிக்கிறது என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வரும்.

மெஷிகா நகரத்தைத் தாடிக்காரர்கள் வளைத்துக்கொண்டதும் அங்கிருந்து தூதர்கள் வந்தார்கள். அதற்கு முன்னாலும் ஒருமுறை வந்திருந்தார்கள். அப்போது எங்கள் பழைய அரசர் நோயில் இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "எங்க அரசருக்குத்தானே சேதி கொண்டாந்தீங்க, அவருகிட்டயே நேர்ல போய்ச் சொல்லுங்க" என்று அவர்களைப் பலி கொடுத்து அந்த உலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அது தெரிந்தும் இன்னொரு தூதுக்குழு வந்தது என்றால், அந்த நகரத்தின் நிலைமை என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூதுக்குத் தலைவன் மிஸ்த்லி. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. எங்கள் பக்கம் சகாபு பிரபு, புதிய அரசரின் தம்பி. எல்லையைக் காக்க வில்லாளிகளோடு வந்து கோட்டைக்கு வெளியே பாளையம் இறங்கியிருந்தார். நடுவில் நான்.

"எங்க ஊரு தண்ணி நடுவுல மாட்டிக்கிச்சு" என்றான் மிஸ்த்லி. "நாலு பக்கமும் வழியை அடைச்சுட்டான். குடிதண்ணிக் கால்வாயை உடைச்சுட்டான். ஜனங்க மரப்பட்டையைத் திங்கிறாங்க. உங்க வில்லாளிங்க வந்து பின்னாலேர்ந்து அடிச்சா பொழைப்போம். வரலைன்னா, எங்களை முடிச்சுட்டு அவன் அடுத்து உங்க வாசலுக்குத்தான் வருவான்."

நான் அப்படியே சொன்னேன். சகாபு பிரபு கீழுதட்டில் பதித்திருந்த கல்லைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"கெஞ்சுறானா, மிரட்டுறானான்னு கேளு."

"ரெண்டும்தான்" என்றான் மிஸ்த்லி.

பிரபு சிரித்தார். "மூணு தலைமுறையா எங்களை மீன்காரன், மொட்டைன்னு ஏசுனவங்க. இப்ப மட்டும் நாங்க மனுஷனாத் தெரியிறோமா?"

"நீங்க எங்களைக் கோவணக்காரன்னு சொல்லலையா? கோவணமே கட்டாதவங்க கட்டுனவனைப் பார்த்துச் சிரிச்சீங்களே."

இதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பிரபுவைச் சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள். பிரபு தன் நீளச் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மோசமான ஆள் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

அப்புறம்தான் மிஸ்த்லி அந்தப் பேச்சை எடுத்தான். "நாம சொந்தமாயிடுவோம். உங்க குலம் எங்களுக்கு மாமனாரா இருக்கட்டும்."

கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் மாமனார் என்றால் பெண் கொடுக்கிறவர். எங்கள் இரண்டு தேசத்திலும் கொடுக்கிற கை தாழ்ந்த கை. சாகிற நேரத்திலும் மெஷிகாக்காரனுக்குத் தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். இதை நேராகச் சொல்லியிருந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் தூதர்களின் நெஞ்சைப் பிளந்திருப்பார்கள்.

புரேபெச்சா மொழியில் மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே சொல்தான். தாரஸ்குவே. மாமனார் மருமகனை அப்படித்தான் கூப்பிடுவார், மருமகனும் மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவான். யார் யாருக்குப் பெண் கொடுத்தார் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்ட மொழி. "உங்க குலம் எங்களுக்குத் தாரஸ்குவேயா இருக்கட்டும்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

பிரபு அதை மருமகன் என்று கேட்டுக்கொண்டார். மெஷிகாக்காரன் பெண் கொடுக்கிறான், அதுவும் தானாக முன்வந்து. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "தாரஸ்குவே. ஆகட்டும்" என்றார். நான் மிஸ்த்லியிடம் "மாமனாராக இருக்கச் சம்மதம்" என்றேன். இரண்டு பேரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இரண்டு பேரும் தான்தான் உயர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டு தழுவிக்கொண்டார்கள். அதனால்தான் அவ்வளவு இறுக்கமாகத் தழுவிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை படை புறப்படவில்லை. பிரபு என்னைக் கூப்பிட்டார்.

"பொண்ணு எங்க?"

"பொண்ணா, பிரபு?"

"மருமகன் ஆயிட்டேன். பொண்ணு கையில வந்தாத்தான் அது என் சொந்தக்காரன் சண்டை. இல்லாட்டி எவனோ ஒருத்தன் சண்டை. அதுக்கு என் ஆளுங்க ஏன் சாகணும்? பொண்ணைக் காட்டச் சொல்லு, நடக்கலாம். சும்மா வாய்ப்பந்தல்தான் போட்டாங்கன்னா, முந்தி வந்தவங்க போன வழியிலேயே இவங்களும் போகட்டும்."

நான் மிஸ்த்லியைக் கோட்டைச் சமையல்கட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவன் கை என் கழுத்துவரை வந்துவிட்டுத் தாழ்ந்தது.

"மீன்காரனுக்கு நாங்க பொண்ணு குடுக்கிறதா" என்றான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "குடுத்துடலாம் தங்கச்சி. இனிமே என்ன மானம். ஊருல பொண்ணுங்க இருக்கு. வெளியில கூட்டிட்டு வர வழிதான் இல்ல. நாங்களே பொணத்துக்கு நடுவுல பொணமா மிதந்து வந்தோம்."

கோட்டைத் தலைவர் உவாகுசி எங்கிருந்துதான் கேட்டாரோ, அங்கே வந்து நின்றார். எல்லையிலேயே தலை நரைத்தவர், என் மொழி அரைகுறையாகப் புரியும்.

"நீ என்ன வார்த்தை போட்டேன்னு எனக்குத் தெரியும், ஷோகோ."

"வேற என்ன வார்த்தை போட்டிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

"நான் குறை சொல்லலம்மா. நானா இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன். ஆனா பிரபுவுக்குத் தெரிஞ்சா உன் நாக்கு போகும், என் தலை போகும், இவங்களும் போவாங்க. அடுத்து யாரும் தூது வர மாட்டாங்க." பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "உன் பொண்ணு மெஷிகா பாஷை சுத்தமாப் பேசுவா, இல்ல?"

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "என் நாக்கை இப்பவே அறுத்துக்கோங்க. அவ பேச்சை எடுக்காதீங்க."

"வேற யாரு இருக்கா? நீயே சொல்லு. பிடிபட்டு வந்தவளுங்க யாரும் பிள்ளைக்கு பாஷை சொல்லித்தரல. நீ ஒருத்திதான் சொல்லித் தந்தே."

சமையல்கட்டு வாசலில் இட்சி கூழ்ச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தூதர்களுக்குக் கொண்டுவந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சட்டியைக் கீழே வைத்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

"வாயை மூடுடி. பிரபு பொண்டாட்டின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? சண்டைக்குப் போற ஆளு. அவரு செத்தா உன்னையும் கூடவே அனுப்பிடுவாங்க, அந்த உலகத்துல அவருக்குக் கூழ் காய்ச்சிப் போட."

"அவரு பொழைச்சு வந்தா?"

"வந்தா நீ பிரபு வீட்டுல இருப்பே. நான் உன்னைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் தெரியாத மாதிரி போகணும்."

"நான் போகலைன்னா?"

 பதிலையும் அவளே சொன்னாள்.

"போகலைன்னா உன்னை அறுப்பாங்க, இந்த மாமாவைப் பொளப்பாங்க. அப்புறம் தாடிக்காரன் வருவான். அவன் உன்கிட்ட வந்து பொண்ணு கேட்டுட்டுத்தானா என்னைக் கூட்டிட்டுப் போவான்?"

"நாம ரெண்டு பேரும் ஓடிடலாம், இட்சி. இப்பவே."

"எங்கம்மா ஓடுறது? கிழக்க அவன், மேற்க பிரபு. தெக்கயும் வடக்கயும் நோய்." என் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. தைரியம் எல்லாம் வாயில்தான். "விடும்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ அழுதா எனக்குக் கால் வராது."

அழாமல் அவளுக்குத் தலை வாரினேன். மெஷிகாப் பெரிய வீட்டுப் பெண்கள் போல இரண்டு பின்னலை நெற்றிக்கு மேலே கொம்பாக ஏற்றிக் கட்டினேன். வழியில் ஆபத்து என்பதால் சுமைதூக்குகிறவள் வேஷத்தில் தூதர்களோடு வந்தவள், மிஸ்த்லியின் அண்ணன் மகள், அரச குலம் என்று கதை கட்டினோம். கோட்டையில் அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேரை நோய் கொண்டுபோயிருந்தது. மீதிப் பேரை உவாகுசி ஒரு பார்வை பார்த்தார், அது போதும். பிரபுவோடு வந்தவர்களுக்கு அவள் யாரோ ஒருத்தி.

நெருப்புக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. இட்சி மெஷிகா மொழியில் பேச வேண்டும், நான் புரேபெச்சாவில் சொல்ல வேண்டும். அப்பன் பெயர், குலம், ஊர் எல்லாம் மிஸ்த்லி சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் பிசகாமல் சொன்னாள். முடிந்தது என்று மூச்சு விட்டபோது பிரபு ஒன்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, மரியாதைக்குக் கேட்டார். எங்கள் பக்கம் கல்யாணச் சோற்றில் முதல் பங்கு பெண்ணைப் பெற்றவளுக்கு.

"உங்கம்மா இருக்காங்களா? அவங்க பங்கை எங்க அனுப்பணும்?"

இதற்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் என் மகளைப் பார்த்து, எங்கள் வீட்டு மொழியில், "உங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

இட்சி என்னை நேராகப் பார்த்தாள். "இல்ல. செத்துட்டா."

நான் பிரபுவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என் அம்மா செத்துட்டா" என்றேன்.

பிரபு சட்டென்று பின்வாங்கினார். "கொப்புள நோயா?"

"நோயில்ல" என்றாள் இட்சி. "ஒரு வார்த்தை தொண்டையில சிக்கிச் செத்துட்டா."

அவள் என் மகள், வாய் சும்மா இருக்குமா? மிஸ்த்லி தலையைக் குனிந்துகொண்டான். நான், "மீன் முள்ளு தொண்டையில சிக்கிச் செத்துட்டா" என்று மொழிபெயர்த்தேன். பிரபு ஏரிக்கரைக்காரர், அவருக்கு அது நன்றாகவே புரிந்தது.

"எங்க ஊருலயும் அப்படிப் போறதுண்டு. பாவம். உன் அம்மாவுக்காக நான் வருத்தப்படுறேன்னு சொல்லு."

"உன் அம்மாவுக்காக நான் வருத்தப்படுறேன்" என்று என் மகளிடம் சொன்னேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எங்கம்மா நல்லவதான்னு சொல்லுங்க" என்றாள். என்னைப் போய் 'சொல்லுங்க' என்றாள், யாரோ அந்நியப் பெண்ணிடம் பேசுவதைப் போல.

"என் அம்மா நல்லவதான்" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. உவாகுசி சத்தமாக இருமினார். பெற்றவளுடைய பங்கை, அவள் இல்லாததால், நெருப்பில் போட்டார்கள். சோளமாவுக் கொழுக்கட்டை கருகுகிற வாசனை எனக்கு இன்னும் ஆகாது.

அன்றே படை கிழக்கே நடந்தது. மிஸ்த்லி அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு போனான். மணப்பெண்ணைப் பல்லக்கில் ஏற்றி மேற்கே, ஏரிக்கரைத் தலைநகருக்கு அனுப்பினார்கள். நான் வாசலில் நின்றேன். பல்லக்கு என்னைத் தாண்டிப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேண்டுதல். நகரம் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. தாடிக்காரன் ஒழியட்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. சகாபு பிரபு சாகக் கூடாது. அவ்வளவுதான். அவர் மேல் அம்பு படக் கூடாது, நோய் படக் கூடாது, கல் தடுக்கக் கூடாது என்று கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டவள் போல வேண்டிக்கொண்டே இருந்தேன். அவரைப் பெற்றவள்கூட அப்படி வேண்டியிருக்க மாட்டாள்.

மழைக்காலம் பாதி போயிருந்தபோது கிழக்கிலிருந்து ஓட்டக்காரன் வந்தான். கோட்டை வாசலிலேயே நின்று கத்தினான். முற்றுகை உடைந்தது, தாடிக்காரர்கள் தாங்கள் ஏறிச் சவாரி செய்கிற பெரிய மான்களைக்கூட விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுகிறார்கள் என்றான். கோட்டையே கூத்தாடியது. முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னான். கடைசிப் பாலத்தில் சகாபு பிரபு விழுந்துவிட்டார். சாம்பலைத் தலைநகருக்கு வேறு வழியில் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் மேற்குச் சாலையில் ஓடினேன். உவாகுசி ஆள் விடவில்லை, அவரே ஓடிவந்து என்னைப் பிடித்தார். வயசானவர், இரண்டு பேருமே சேற்றில் விழுந்தோம்.

"விடுங்க ஐயா. அவ அரச குலம் இல்ல, சமையல்காரி மகள்னு சொல்றேன். விட்டுடுவாங்க."

"விட மாட்டாங்கம்மா. ஏமாத்துனவள்னு அசிங்கப்படுத்திக் கொல்லுவாங்க. நம்ம படை இன்னும் மெஷிகா ஊருல இருக்கு. பொண்ணு பொய்னு தெரிஞ்சா அங்கயே ரெண்டு பக்கமும் வெட்டிக்குவாங்க." அவரும் அழுதார். "நீ போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும் ஷோகோ. முடிஞ்சே போயிருக்கும்."

முடிந்துதான் போயிருந்தது. பூமாலை போட்டு, பிரபுவின் சாம்பலோடு அனுப்பிவைத்தார்களாம். அழவில்லையாம். மெஷிகா அரச குலத்துப் பெண் என்றால் சும்மாவா என்று தலைநகரில் பேசிக்கொண்டார்களாம். அதைச் சொன்ன வியாபாரியின் முகத்தில் அறையாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மழை நின்றதும் மிஸ்த்லி வந்தான். இந்தமுறை உப்பு மூட்டையும் பருத்தித் துணியுமாக, நன்றி சொல்ல, தலைநகருக்குப் போகிற வழியில். மேலே போகுமுன் தங்கள் குலப் பெண்ணுக்கு அவள் மணமான இடத்திலேயே துக்கம் சொல்ல வேண்டும் என்றான். கோட்டை முற்றத்தில் ஊரே கூடியது. நான் அவன் பக்கத்தில் நின்றேன்.

அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "என் மகளே" என்றான். சொல்லிவிட்டு நிறுத்தினான்.

மொழிபெயர்ப்பவள் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் கட்டுப்பாடு. "என் மகளே" என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலம் ஆகிவிட்டது.

"நான்தான் உன்னை அனுப்பினேன்" என்றான்.

"நான்தான் உன்னை அனுப்பினேன்."

"உனக்குப் பதிலா நான் போயிருக்கணும்."

"உனக்குப் பதிலா நான் போயிருக்கணும்."

அதோடு மிஸ்த்லி வாயை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது, பேசுகிறவன் போல. எனக்காக அசைத்தான் என்று புரிந்தது. நான் நிறுத்தவில்லை. கடைசியாக ஒருவாய் கூழ்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்றேன். உன் கை அன்றைக்குச் சூடாக இருந்ததே, பயந்தாயே, தெரிந்தும் உனக்குத் தலை வாரிவிட்டேனே என்றேன். திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன என் வாய் வேகட்டும் என்றேன். நான் சாகவில்லையடி, இங்கேதான் இருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் நிற்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

கூட்டம் முழுக்க அழுதது. எனக்குப் பின்னால், சந்தைக்கு வந்திருந்த தலைநகரத்துக்காரி ஒருத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"மொழிபெயர்க்கிறவ கெட்டிக்காரிடி. அவன் அழாத அழுகையைக்கூட எப்படி எடுத்துச் சொல்றா பாரு."